பாலத்தில் ஒரே குழாய்

அக்டோபர் 6, திங்கள்

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. கடையில் மாவு வாங்கி இட்லி ஊற்றினேன். கணவர் சலீம் நான்கு சாப்பிட்டுவிட்டு, பாலிடெக்னிக்கில் வகுப்பெடுக்கக் கிளம்பிப் போனார்.

தொலைபேசி அலுவலகத்தில் எதிர்பார்த்த கடிதம் வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து நீலகிரி மலைக்குப் போகும் பழைய லீஸ்டு லைன்கள், அதாவது ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனியாக வாடகைக்கு விட்ட லைன்கள், எல்லாவற்றையும் நவம்பர் முப்பதுக்குள் மூடவேண்டும். இருபத்திரண்டு வருடத்து இயந்திரங்கள். ஒரு சர்க்யூட் கார்டு போனால் மாற்றுவதற்கு இன்னொன்று கிடைக்காது; செய்த கம்பெனியே இப்போது இல்லை. நாற்பத்தோரு வாடிக்கையாளர்களையும் புதிய ஈதர்நெட் சேவைக்கு மாற்றுவது என் பொறுப்பு. பழைய லைனில் ஒருவருக்குக் கொடுத்த இடம் அவருக்கு மட்டும்தான். குறைவான இடம், ஆனால் நிச்சயமானது. ஈதர்நெட்டில் ஐம்பது மடங்கு இடம் கொடுக்கலாம், ஆனால் எல்லோரும் ஒரே பாதையில் போவார்கள். யார் முந்திப் போகவேண்டும் என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும்.

பட்டியலில் வங்கிகள், தேயிலை ஆலைகள், ஹோட்டல்கள், ஊட்டியில் ஒரு மருத்துவமனை. மருத்துவமனையைக் கடைசியாக வைத்துக்கொள்கிறேன் என்று பொது மேலாளர் தண்டபாணி சாரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். காரணம் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

கடைசியாக வைத்துக்கொள்ள முடியாது போலிருக்கிறது. மருத்துவமனையிலிருந்து டாக்டர் பிலோமினா நேரில் வரச் சொன்னார்.

அவர் உட்கார்ந்திருப்பது கோயம்புத்தூரில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில். எதிரே சுவர் நிறையத் திரைகள். ஊட்டி ஐசியூவின் ஒன்பது படுக்கைகளும் அந்தத் திரைகளில் தெரிகின்றன: இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு. மலையில் நர்சுகளும் இளம் மருத்துவர்களும் இருக்கிறார்கள்; என்ன மருந்து, எவ்வளவு என்பதை இவர் இங்கிருந்து சொல்கிறார். இதுவரை எண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஈதர்நெட் வந்தபின் கேமரா படமும் வரும். மலையில் இருக்கும் ஒரே மூத்த மருத்துவர் நவம்பர் இருபதாம் தேதி ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு எல்லாமே இந்த அறையிலிருந்துதான்.

டாக்டருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஈதர்நெட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். இரண்டு பாதைகள் இருக்கின்றன, ஒன்று குன்னூர் வழி, மற்றது கோத்தகிரி வழி, ஒன்று அறுந்தால் கண் இமைப்பதற்குள் மற்றது எடுத்துக்கொள்ளும் என்றேன். இரண்டும் எங்கேயும் சேர்வதில்லை என்ற சான்றிதழின் நகலையும் காட்டினேன். நான்கு வருடத்துக்கு முன்னால் கொடுத்தது.

“இதை யாராவது நேர்ல போய்ப் பாத்தாங்களா?” என்றார்.

எங்கள் ஆட்கள் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

கிரைண்டருக்கு பெல்ட் போட்டாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஊட்டி எக்ஸ்சேஞ்சில் புதிய கருவிகளைப் பொருத்தினார்கள். அங்கே போஜன் இருக்கிறார். எங்கள் லைன் டெக்னீஷியன், மலையிலேயே பிறந்து வளர்ந்த படுகர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை கேபிள் போகும் ஒவ்வொரு குழிமூடியும் அவருக்குத் தெரியும். மருத்துவமனைக்கு இன்று சோதனை ஓட்டம் விட்டோம். கேமரா படம் விட்டுவிட்டு வந்தது. நர்ஸ் கையைத் தூக்கினால் இரண்டு நொடி கழித்துத்தான் கை மேலே போகிறது.

மத்தியானம் முழுக்கத் தேடியதில் தெரிந்தது: மருத்துவமனையின் போக்குவரத்தை ஹோட்டல்களின் இன்டர்நெட்டோடு ஒரே வரிசையில் வைத்திருந்தோம். சுற்றுலா வந்தவர்கள் அறையில் படம் பார்த்தால் ஐசியூ காத்திருக்கும். முதல் வரிசைக்கு மாற்றினேன். படம் ஓடியது. இதெல்லாம் இங்கே உட்கார்ந்தபடியே சரிசெய்யக்கூடிய தவறுகள். இப்படிப்பட்டவை எனக்குப் பிடிக்கும்.

டாக்டர் போனில், பாதைகளையும் மறுபடி ஒரு தடவை பார்த்துவிடுங்களேன் என்றார். போஜனிடம் சொல்லியிருக்கிறேன், முடிந்தால் பார்க்கட்டும் என்று.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி விடுமுறை. எதிர் வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. காலையிலிருந்து மழை.

மூன்று மணிக்கு போஜன் கூப்பிட்டார். இரண்டு கேபிளும் மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலத்தைத் தாண்டித்தான் பிரிகின்றன என்றார். “பாலத்துல ரெண்டு குழாய் இல்லைங்க மேடம். ஒன்னுதான். ரெண்டு கேபிளும் அதுக்குள்ளதான் போகுது.”

பார்க்கலாம் என்றேன். சலீம் யார் போனில் என்று கேட்டார். ஆபீஸ் என்றேன். பிறகு அலமாரியில் இருந்த பழைய துணிகளை எல்லாம் எடுத்து மடித்துவைத்தேன்.

அக்டோபர் 22, புதன்

மேட்டுப்பாளையம் போனேன். போஜன் எக்ஸ்சேஞ்ச் வாசலில் குடையோடு நின்றார். அங்கிருந்து பாலம் தாண்டி, குன்னூர் சாலையும் கோத்தகிரி சாலையும் பிரிகிற இடம் வரைக்கும் நடந்தோம். ஒன்றே முக்கால் கிலோமீட்டர். ஐந்து குழிமூடிகளைத் திறந்து பார்த்தோம். ஐந்திலும் இரண்டு கேபிள்களும் ஒட்டிக்கொண்டே போகின்றன. பாலத்தில் கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஒரே ஓர் இரும்புக் குழாய், துருப்பிடித்த பட்டைகளில் தொங்குகிறது. கீழே ஆறு காபி நிறத்தில் ஓடியது.

வரைபடத்தில் ஒன்று நீலம், மற்றது பச்சை. இரண்டு நிறமும் தெரியவேண்டும் என்று வரைந்தவர் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். சான்றிதழில் ‘நேரில் நடந்து பார்த்தது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டிருக்கிறது.

டீக்கடையில் நின்றபோது போஜன் சொன்னார். “நாலு வருஷம் முன்னாடி, இந்தப் பாதையப் பாக்க நீங்க வர்றதா சொல்லியிருந்தீங்க மேடம். நான் பதினோரு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல இருந்தேன்.”

குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்தது, சொன்னார். டீ கசந்தது. பாதியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வழி இருக்கிறதா என்று இரண்டு நாளாகப் பார்த்தேன். ரயில்வே பாலத்தில் குழாய் போட அனுமதி கேட்டால் எட்டு மாதம் ஆகும். இன்னொரு வழி இருக்கிறது. மலையின் மேற்குப் பக்கத்து மின் நிலையங்களிலிருந்து சமவெளிக்கு உயர் அழுத்தக் கோபுரங்கள் இறங்குகின்றன. அவற்றின் உச்சிக் கம்பிக்குள் ஃபைபர் கேபிள் ஓடுகிறது. அதை வாடகைக்கு எடுத்து நடத்தும் இன்னொரு நிறுவனம் இருக்கிறது. அவர்களுடைய ஈதர்நெட்டையும் எங்களுடையதையும் இரண்டு முனையிலும் இணைத்தால் மேட்டுப்பாளையத்தையே தொடாத ஒரு பாதை கிடைக்கும். மூன்று வாரத்தில் முடிக்கலாம் என்கிறார்கள்.

ஆனால் மூன்று வாரத்தில் வேண்டுமென்றால் அவசர அனுமதி வேண்டும். அவசரத்துக்குக் காரணம் எழுதவேண்டும். காகிதத்தில் ஏற்கெனவே இரண்டு தனிப் பாதைகள் இருக்கும்போது மூன்றாவது எதற்கு என்றுதான் முதலில் கேட்பார்கள்.

அக்டோபர் 25, சனி

காரணம் எழுதவில்லை. இங்கேயும் எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

தண்டபாணி சாரிடம் பாலத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கெட்டவர் இல்லை. ஏழு மாதத்தில் ஓய்வு.

“ஏனுங்க நசீமா, பாலம் என்ன நாளைக்கேவா விழுந்துறப் போகுது? இந்த மூடுற வேலை முடியட்டும். மார்ச்சுல புதுத் தேவைன்னு எழுதி மூணாவது பாதை கேட்டுக்கலாம். பழசை எதுக்குக் கிளறோணும்?”

யாருடைய கையெழுத்து என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. எனக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னார். சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். படியில் இறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாயங்காலம் மழை வலுத்தது. சமையல் முடித்துவிட்டு சலீமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். அந்தக் கையெழுத்து என்னுடையது. அந்த டிக் நான் போட்டது. நான்கு வருடத்துக்கு முன், மார்ச் கடைசி வாரம், பன்னிரண்டு கோப்புகளை முடிக்கவேண்டியிருந்தது. பதினொன்றுக்கு நடந்துபோய்ப் பார்த்தேன். பன்னிரண்டாவதைப் பார்க்கவேண்டிய நாளன்று காலையில் இந்த ஃப்ளாட்டைப் பார்க்க வரச் சொல்லி புரோக்கர் கூப்பிட்டார். இன்று விட்டால் போய்விடும் என்றார். நாங்கள் வந்தோம். சலீமுக்குப் பின்பக்க பால்கனி பிடித்துவிட்டது. மத்தியானம் அலுவலகம் போய் நீலத்தையும் பச்சையையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்த வீட்டில் நான்கு வருடமாக இருக்கிறோம்.

சலீம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “உனக்கு வேலை போனாக்கூட நாம சமாளிச்சுக்கலாம்,” என்றார். “நீ இப்படித் தூங்காம கிடந்தா என்னால சமாளிக்க முடியாது.” நான் தூங்காதது அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

அக்டோபர் 29, புதன்

கடிதம் கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம். பாதையை நேரில் பார்க்காமல் சான்றளித்தேன், பார்த்ததில் அது தவறு என்று தெரிந்தது, உடனே மாற்றுப் பாதை வேண்டும். தண்டபாணி சார் இரண்டு தடவை படித்தார். விசாரணை வரும் என்றார். தெரியும் என்றேன். அவசர அனுமதிக் காகிதத்தை இழுத்து என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். பிறகு, மருத்துவமனைக்கு நான் சொல்லவா நீங்களே சொல்கிறீர்களா என்று கேட்டார்.

நானே சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர் பிலோமினா திரைகளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது படுக்கைக்கு ஏதோ மருந்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு லைன் இருக்குன்னு நம்பித்தான் நான் நாலு வருஷமா வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கேன்,” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொண்டதாகவும் தெரியவில்லை, தள்ளிவிட்டதாகவும் தெரியவில்லை. எப்போது சரியாகும் என்று கேட்டார். நவம்பர் பத்தொன்பது என்றேன். அதுவரை மலையில் இருக்கும் மூத்த மருத்துவரை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். எனக்காக அவர்கள் எல்லோரும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வாசல்வரை வந்தபோது பின்னாலிருந்து சொன்னார்: “இந்தத் தடவை நடந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

நவம்பர் 5, புதன்

கோபுரப் பாதையின் கீழ்ப்பகுதி. அந்த நிறுவனத்தின் பொறியாளரும் போஜனும் நானும். காட்டுக்குள் விடமாட்டார்கள், ஜீப் போகிற வரை போய், மீதியைத் தொலைநோக்கியில் கோபுரம் கோபுரமாக எண்ணினோம். காலில் மூன்று அட்டை. போஜன் உப்புப் பொட்டலம் வைத்திருந்தார்.

நவம்பர் 8, சனி

மேல்பகுதி. கோபுரத்திலிருந்து ஊட்டி மருத்துவமனை வரை தரைக்கடியில் வரும் நான்கு கிலோமீட்டரை முழுக்க நடந்தேன். எங்கள் கேபிளோடு ஓர் இடத்திலும் சேரவில்லை. மருத்துவமனை வாசலில் மட்டும் இரண்டும் ஒரே குழிக்குள் வந்தன. பின்பக்கச் சுவர் வழியாகத் தனி நுழைவு போடச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 12, புதன்

பழைய இயந்திரத்தில் ஒரு கார்டு செத்துவிட்டது. மருத்துவமனையின் எண்கள் பதினோரு நிமிடம் வரவில்லை. மூத்த மருத்துவர் வார்டில் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நாள் குறித்ததற்கு முன்பே அவர்களை ஈதர்நெட்டுக்கு மாற்றினேன், குன்னூர் கேபிளில். ஓடுகிறது. ஆனால் இனி பழையதற்குத் திரும்ப முடியாது. வானிலை அறிக்கையை ஒரு நாளைக்கு ஐந்து தடவை பார்க்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டு நிறுவனத்துக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசமாட்டேன் என்கின்றன. எங்கள் முதல் வரிசையை அவர்கள் மூன்றாம் வரிசை என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் போனில் போய்விட்டது. சலீம் மீன் குழம்பு வைத்தார். உப்பு கூட. சாப்பிட்டேன்.

நவம்பர் 19, புதன்

இணைந்துவிட்டது. எங்களுடைய பெரிய சோதனைகளை எப்போதும் ராத்திரியில்தான் செய்வோம். டாக்டர் பிலோமினா மறுத்துவிட்டார்; ராத்திரியில் மலையில் ஆட்கள் குறைவு, எல்லோரும் இருக்கும்போது பகலில் செய்யுங்கள் என்றார். காலை பதினோரு மணிக்கு ஊட்டி எக்ஸ்சேஞ்சில் நின்று நானே குன்னூர் கேபிளைப் பிடுங்கினேன். போனில் டாக்டர் இருந்தார்.

“எப்பப் பிடுங்கப் போறீங்க?” என்றார்.

பிடுங்கிவிட்டேன் டாக்டர் என்றேன்.

மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தோம். அவர் திரையில் ஒரு கோடுகூட அசையவில்லை. கோத்தகிரி கேபிள் இனி மற்ற வாடிக்கையாளர்களுக்கு மட்டும். மருத்துவமனைக்கு ஒரு பாதை பாலத்தின் மேல், ஒரு பாதை கோபுரத்தின் மேல்.

நவம்பர் 20, வியாழன்

மலையின் மூத்த மருத்துவர் ஓய்வு பெற்றார்.

நவம்பர் 24, திங்கள்

இப்போது மணி ஒன்பது.

மூன்று நாளாக மலையில் விடாத மழை. மத்தியானம் மூன்று நாற்பதுக்கு எங்கள் அறையின் திரையில் மலைக்குப் போகும் வரிசைகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாயின. குன்னூர், கோத்தகிரி, இரண்டும் ஒரே நொடியில். நான் ஒரே ஒரு வரியைத் தேடினேன். பச்சையாக இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பச்சைதான்.

போஜன் பாலத்திலிருந்து கூப்பிட்டார். ஆறு அடித்துக்கொண்டு வந்த ஒரு மரம் குழாயில் மாட்டி, பட்டையோடு பிய்த்துவிட்டதாம். “குழாய் தொங்குதுங்க மேடம். ரெண்டு கேபிளும் போச்சு,” என்றார். பிறகு தணிந்த குரலில், “ஆஸ்பத்திரி?” என்றார். இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

டாக்டருக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டார். இரண்டாவது படுக்கையில், நேற்றுப் பிரசவமான ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லையாம். படத்தைப் பார்த்துப் பார்த்து இளம் மருத்துவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லி நிறுத்தியிருக்கிறார். இப்போது பரவாயில்லை, அழுத்தம் ஏறிவிட்டது என்றார். நான் எதற்குக் கூப்பிட்டேன் என்று கேட்டார்.

மூன்று நாற்பதுக்குப் பாலத்தில் லைன் அறுந்துவிட்டது என்றேன்.

“அப்படியா?” என்றார். பிறகு, “எனக்குத் தெரியவே இல்லையே,” என்றார்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து, மற்ற நாற்பது பேருக்கும் லைன் எப்போது வரும் என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

பத்து மணிநேரம் தூங்கியிருக்கிறேன். போஜனின் ஆட்கள் பாலத்தின் மறுபக்கத்தில் தற்காலிகக் கேபிள் இழுத்துவிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஹோட்டல்களும் வங்கிகளும் வந்துவிட்டன. இரண்டாவது படுக்கைப் பெண் கஞ்சி குடித்ததாக டாக்டர் செய்தி அனுப்பியிருந்தார். அவள் பெயரை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

விசாரணை முடிந்தது. மூன்று பேர், ஒரு மணிநேரம். நான் மறுக்க எதுவும் இல்லாததால் சீக்கிரம் முடிந்துவிட்டது. ஒரு வருடம் பதவி உயர்வு கிடையாது. திட்டப் பிரிவிலிருந்து எடுத்து, மாவட்டத்தில் கொடுத்திருக்கும் எல்லாப் பாதைச் சான்றிதழ்களையும் நேரில் சரிபார்க்கும் வேலை. அறுபத்து மூன்று சான்றிதழ்கள். அவற்றில் என் கையெழுத்து, மருத்துவமனையுடையது போக, பதினொன்றில்தான் இருக்கிறது. மீதியில் யார் யார் நடந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தண்டபாணி சார் வருத்தப்பட்டார். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நம்பமாட்டார் என்பதால் நன்றி என்று மட்டும் சொன்னேன்.

சலீம் செய்தியைக் கேட்டுவிட்டு, காலுக்கு நல்ல ஷூ வாங்கவேண்டும் என்றார்.

டிசம்பர் 2, செவ்வாய்

முதல் சான்றிதழ். அவினாசி சாலையில் ஒரு நூற்பாலை. கையெழுத்து வேறொருவருடையது. அவர் வேலையைவிட்டுப் போய் ஆறு வருடமாகிறது. எட்டு மணிக்கு நடக்க ஆரம்பித்தேன். பத்தரைக்கு ஒரு மேம்பாலத்தூண் பக்கத்தில் இரண்டு கேபிள்களும் ஒரே குழிக்குள் இறங்கின. முந்நூறு மீட்டர் சேர்ந்தே போகின்றன. படம் எடுத்து, அங்கேயே ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கை எழுதி அனுப்பினேன்.

பிறகு ஆலைக்குப் போய் மேலாளரிடம் சொன்னேன். ஆறு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க என்று சத்தம் போட்டார். திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தத் தேதிக்குள் பிரித்துக் கொடுப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, உட்காருங்க, மோர் சாப்பிடறீங்களா என்று கேட்டார்.

வெளியே வந்தபோது ஒரு மணிகூட ஆகவில்லை. புது ஷூ குதிகாலைக் கடித்துக் கொப்பளம் போட்டிருந்தது. எதிரே ஒரு மெஸ் இருந்தது. உட்கார்ந்து முழுச் சாப்பாடு சொன்னேன், இரண்டாவது தடவை ரசமும் கேட்டு வாங்கினேன். நல்ல பசி.